இத்தாலிக்கு ஓர் இளவேனில் பயணம்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ இத்தாலிக்குப் போயிட்டு வந்தியே, பழைய சரித்திரம் உள்ள நாட்டுக்கு லீவுல போறதுன்னா எப்படித் திட்டம் போடணும்னு அரைமணி நேரம் பேசு. பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். நான் சுற்றுலா நிபுணன் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளன். வெளிநாடு என்று போனது ஒரே ஒரு தடவைதான். அதில் செய்த தப்புகளையும் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். நடுவில் சொந்தக் கதையும் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆசை எப்படி வந்தது என்றால், 2018-இல் எங்கள் தொழிற்சாலையில் ஒரு புது இயந்திரத்தை நிறுவ இத்தாலியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். அவருக்குச் சொந்த ஊர் சொலோஃப்ரா. நேப்பிள்ஸ் நகரத்துக்கு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். நம்ம ஊர் மாதிரியே ஆட்டுத்தோல் பதனிடுகிற ஊர். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, "உங்கள் ஊரில் பழமையானது என்ன?" என்று கேட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல் "பிரியாணி" என்றேன். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ராத்திரி படுக்கும்போது அது உறுத்தியது. நான்கு வருடம் பொறியியல் படித்தவன், பிறந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் தெரியவில்லையே என்று.

அவர் கிளம்பும்போது, "எங்கள் பக்கம் வா. பாம்பெய் நகரத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய டேனரி ஒன்று இருக்கிறது, காட்டுகிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கல்லூரியில் நான் படித்த நான்கு வருடமும் யாராவது "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால், "பிரைவேட் கம்பெனி" என்று சொல்வேன். என் ரூம்மேட் இதோ உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக்கூட அப்படித்தான் தெரியும். உண்மையில் என் அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். பதினான்கு வயதில் குழியில் இறங்கியவர், நான் முதல் சம்பளம் வாங்கிய வருடம்தான் கரையேறினார். அந்த வாடை சட்டையில் மட்டும் இல்லை, வீட்டுச் சுவரிலேயே இருக்கும். அதனால் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு ஃபீஸ் கட்டிய கை எது என்பதை நான்கு வருடம் மறைத்து வைத்திருந்தேன்.

அதனால்தான் இத்தாலி என்று முடிவானதும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது என்றும் முடிவு செய்தேன். மனைவி பள்ளி ஆசிரியை, ஏப்ரல் தேர்வுக் காலம், லீவு கிடைக்காது. ஆக நாங்கள் இரண்டு பேர்.

இனி திட்டத்துக்கு வருகிறேன்.

முதலாவது, எப்போது போவது. நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று புத்தகத்தில் படித்ததோடு சரி. வேலூரில் அந்த இரண்டு மாதமும் தார் உருகும். ரோம் நகரத்தில் ஏப்ரல் மாதம் பகலில் இருபது டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரி பத்துக்குக் கீழே இறங்கும். ஒரு ஸ்வெட்டர் போதும். ஜூலை, ஆகஸ்டில் போனால் நம்ம ஊர் வெயிலேதான், அதற்கு எதற்கு விமானக் கட்டணம்? பாம்பெய் முழுக்கத் திறந்தவெளி, நிழல் குறைவு. ஆனால் இளவேனிலிலும் ஒரு கண்ணி உண்டு. ஈஸ்டர் வாரத்தில் கூட்டம் தாங்காது, அறை வாடகையும் ஏறும். ஈஸ்டர் வருடா வருடம் மாறும், காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 25-ஆம் தேதியும் மே முதல் தேதியும் அங்கே தேசிய விடுமுறை. 2023-இல் ஈஸ்டர் ஏப்ரல் 9. நாங்கள் 12-ஆம் தேதி கிளம்பி 22-ஆம் தேதி திரும்பினோம். அந்த வருடத் தமிழ்ப் புத்தாண்டு எங்களுக்கு ரோமில்.

இரண்டாவது, எத்தனை ஊர். இதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஒரு டிராவல்ஸில் போய்க் கேட்டேன். ஒன்பது நாளில் ஆறு நாடு என்று வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். முன்பணமும் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து தாளில் மணிக்கணக்கு எழுதிப் பார்த்தால், பாதி நேரம் பஸ்ஸில். பாம்பெய் அதில் இல்லவே இல்லை. ரத்து செய்தேன், முன்பணத்தில் பாதி போனது. அது நான் கட்டிய டியூஷன் ஃபீஸ் என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஒரே நாடு, இரண்டே ஊர் என்று மாற்றினேன். ரோமில் நான்கு ராத்திரி, மிச்சமெல்லாம் நேப்பிள்ஸ். இரண்டுக்கும் நடுவே அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். வயதானவர்களோடு போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் என்று வையுங்கள். அதுவும் காலையில்.

மூன்றாவது, காகிதங்கள். இத்தாலிக்கு வேண்டியது ஷெங்கன் விசா. 29 நாடுகளுக்குச் செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பாஸ்போர்ட் நாம் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரிக் கணக்கு, ஆபீஸிலிருந்து லீவு கடிதம், தங்கும் இடம், போகவர டிக்கெட் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று தேதி பொருந்த வேண்டும். வருமானம் இல்லாத பெற்றோர் என்றால், செலவு நம்முடையது என்று கடிதமும் உறவுக்குச் சான்றும் வைக்க வேண்டும்.

கைரேகைக்கு நேரில் போக வேண்டும். சென்னைக்குப் போனோம். என் கை ஒரு நிமிடத்தில் முடிந்தது. அப்பா கையை வைத்தார், இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எடுக்கவில்லை. அந்தப் பெண் ஈரத் துணி கொடுத்து, பொறுமையாக மறுபடி வைக்கச் சொன்னார். எடுக்கவில்லை. நாற்பது வருடச் சுண்ணாம்பு ரேகையைத் தின்றிருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "ரேகைதான் இல்லியே, நீ மட்டும் போயிட்டு வாடா" என்றார். நான் அன்றைக்குத்தான் அந்தக் கையை வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தேன். நான்காவது தடவை, அந்தப் பெண்ணே விரல் விரலாகப் பிடித்து அழுத்தியபோது பதிந்தது. இப்படிப்பட்ட பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், நாலு நாள் முன்பிருந்தே கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு, போகும்போது சுத்தமாகத் துடைத்துக் கூட்டிப் போங்கள். பயன் இருக்கும்.

நான்காவது, காசும் சாப்பாடும். அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய 90 ரூபாய். ஒவ்வொரு காபிக்கும் 90-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தால் பயணம் நரகம். மொத்த பட்ஜெட்டை ரூபாயில் போட்டுவிட்டு, அங்கே போனதும் பெருக்குவதை நிறுத்திவிட வேண்டும். ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெருத்தெருவாகக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிதண்ணீர். அரசாங்க அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் பெரியவர்களோடு அன்றைக்குப் போகாதீர்கள், வரிசையிலேயே நாள் போய்விடும். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. ஆம்பூர் பிரியாணியோ ஆற்காடு மக்கன் பேடாவோ பெட்டியில் வைக்காதீர்கள். நாங்கள் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனோம். தக்காளி ஊற்றிய பாஸ்தாவில் பருப்புப் பொடி தூவிச் சாப்பிட்ட முதல் மனிதர் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம்: போவதற்கு முன் வீட்டுப்பாடம். பழைய நாட்டில் பாதி இடம் வெறும் கல்லும் சுவரும்தான். கதை தெரியாமல் போனால் அரைமணி நேரத்தில் கால் வலிக்கும். நான் ஆறு மாதம் படித்தேன். அதிலும் ஒரு யுக்தி வைத்துக்கொண்டேன். ராஜாக்கள் வரிசையை மனப்பாடம் செய்யவில்லை. நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம், என் தொழிலுக்கும் அங்கே இருப்பதற்கும் என்ன சம்பந்தம், இந்த இரண்டை மட்டும் தேடினேன்.

தேடினால் கிடைக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ வகை மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. அந்தப் பக்கம், 1938-இல் பாம்பெயில் ஒரு வீட்டில் தந்தத்தில் செய்த இந்தியப் பெண் சிலை கிடைத்தது, சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது இன்றைய கருத்து. ரோமில் மிளகுக்கென்றே ஒரு பண்டகசாலை கட்டியிருந்தார்கள். மூத்த பிளினி என்ற அறிஞர், வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பி எழுதினார். அவர் இறந்தது எப்படித் தெரியுமா? கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, அந்தக் கடற்கரையிலேயே. பாம்பெயைப் புதைத்த அதே வெடிப்பில்.

பொறியியல் மாணவர்களுக்கு ரோமில் ஒரே ஓர் இடம் சொல்கிறேன்: பாந்தியன். கி.பி. 125-ஐ ஒட்டி, ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது. 43 மீட்டர் அகல கான்கிரீட் கூரை, உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. கம்பியில்லாத கான்கிரீட் கவிமாடங்களில் இன்றைக்கும் அதுதான் பெரியது. மேலே போகப்போகக் கனம் குறைந்த கல்லைக் கலந்திருக்கிறார்கள், உச்சியில் மிதக்கும் எரிமலைக் கல். நடுவில் சுமார் ஒன்பது மீட்டர் ஓட்டை, மழை உள்ளே விழும், தரையில் வடிகால் துளை உண்டு. நாங்கள் போனபோது இலவசம், 2023 ஜூலையிலிருந்து கட்டணம். கொலோசியத்துக்கு இப்போது பெயர் போட்ட டிக்கெட், முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும்.

இப்போது பாம்பெய். நேப்பிள்ஸிலிருந்து சர்க்கும்வெசுவியானா என்ற சின்ன ரயிலில் சுமார் 40 நிமிடம். கூட்டமாக இருக்கும், பர்ஸை முன்பாக்கெட்டில் வையுங்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆம்பிதியேட்டர் பக்க வாசல் வழியாகப் போங்கள், அங்கிருந்து ஏற்ற இறக்கமில்லாத பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு நகரம் இன்னும் தோண்டப்படவில்லை. தோண்டியதிலும் எல்லா வீடும் தினமும் திறந்திருக்காது. இதை நினைவில் வையுங்கள், காரணம் சொல்கிறேன்.

உள்ளே போனதும் அப்பாவுக்குப் பிடித்தது தெருதான். வண்டிச் சக்கரம் கல்லில் தேய்த்த தடம். மழைத் தண்ணீரில் கால் படாமல் கடக்க உயரமான கற்கள், அவற்றுக்கு நடுவே சக்கரம் போகிற அளவு இடைவெளி. ரொட்டிக் கடையில் மாவரைக்கும் கல். சூடான சாப்பாட்டுக் கடையில் பானை பதித்த மேடை. "நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டலு மாதிரியே கீதுடா" என்றார்.

டேனரி, ஸ்தாபியா வாசலுக்கு அருகே, ஊரின் ஓரத்தில் இருக்கிறது. எல்லா ஊரிலும் எங்களை ஓரத்தில்தானே வைக்கிறார்கள்! சொலோஃப்ரா நண்பர் கூட வந்திருந்தார். போய்ப் பார்த்தால், கம்பிக் கதவு பூட்டியிருந்தது. ஆறு மாதத் திட்டம், ஏழாயிரம் கிலோமீட்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தரையில் வரிசையாக வட்ட வட்டக் குழிகள் தெரிந்தன. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "இது நம்ம பட்டைக் குழிடா. வட்டமா வெட்டினாத்தான் மூலைல தோலு சிக்காது, கோல வுட்டு கெளற வசதி. ஒரு ஆளு உள்ள எறங்கி நின்னா இடுப்புக்கு மேல வரும். அந்தாளுக்கும் முதுகு போயிருக்கும்." நான் மொழிபெயர்த்தேன். நண்பரின் அப்பாவும் தாத்தாவும் தோல் பதனிட்டவர்கள். அவர் அப்பாவின் கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த இயந்திரம் படிக்க முடியாத கையை அவர் படித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, குறித்துக்கொள்ளுங்கள். அந்த டேனரியின் சாப்பாட்டு மேசையில் பதித்திருந்த ஒரு மொசைக் அங்கே இருக்கிறது. நடுவில் ஒரு மண்டையோடு. கீழே ஒரு பட்டாம்பூச்சி, ஒரு சக்கரம். மேலே என்ன தெரியுமா? கொத்தனாரின் மட்டக்கோல், நூல்குண்டோடு! ஒரு பக்கம் ராஜாவின் செங்கோலும் சிவப்பு அங்கியும், மறுபக்கம் பிச்சைக்காரனின் தடியும் பையும். சாவு வந்தால் ராஜாவும் பிச்சைக்காரனும் ஒரே மட்டம் என்று அர்த்தம். கடைசி வருடம் சர்வே லேபில் நூல்குண்டு பிடித்த கை எனது. ஆனால் அந்த மட்டம் என்ன அளக்கிறது என்று, தோல் பதனிட்டவன் வீட்டு மேசையில்தான் பார்த்தேன்.

கடைசி நாள் சொலோஃப்ரா போனோம். வழியில் ஓர் ஓடையைக் காட்டி நண்பர் கொஞ்சம் குரல் தாழ்த்திப் பேசினார். அது போய்ச் சேர்வது சார்னோ ஆற்றில். பாம்பெய்க்குத் துறைமுகம் தந்த ஆறு அதுதான். இன்றைக்கு ஐரோப்பாவில் மிகவும் கெட்டுப்போன ஆறுகளில் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கிறது. டேனரிக் கழிவும் தக்காளி ஆலைக் கழிவும் காரணம். அங்கேயும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, வழக்குகளும் உண்டு. அப்பா ஒரே வார்த்தை சொன்னார்: "பாலாறு."

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மை இல்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தந்த தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி நம்ம ஆற்றின் பெயரில்தான் நிலைபெற்றது. 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் ஆற்றைச் சீராக்குவதும் முடிந்தபாடில்லை என்று புதிய உத்தரவு போட்டது. எனக்குச் சோறு போட்ட தொழில்தான் எங்கள் கிணற்றையும் உப்பாக்கியது. இரண்டும் உண்மை. கெமிக்கல், சிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கு இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் அப்பா கேட்டார்: "அந்தாளு கேட்டானே, நம்ம ஊர்ல இன்னா பழசுன்னு. நெசமாவே ஒண்ணும் இல்லியா?" வெட்கத்தோடு மறுபடி புத்தகத்தைத் திறந்தேன். ஆம்பூருக்குப் பக்கத்தில் மலையாம்பட்டை ஒட்டி ஆர்மாமலைக் குகை. சமணர்கள் தங்கிய இடம், கூரையில் எட்டாம் நூற்றாண்டு என்று கருதப்படும் ஓவியங்கள். முப்பத்தைந்து வருடம் அதன் நிழலில் வாழ்ந்திருக்கிறேன், ஒருமுறைகூட ஏறியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் கட்டிக்கொண்டு மனைவியோடு மூன்று பேரும் போனோம். அதற்கு விசா தேவைப்படவில்லை. கதை தெரிந்து போக வேண்டும், காலையில் போக வேண்டும், அவசரப்படக் கூடாது. இத்தாலிக்குப் போட்ட விதிதான்.

ஆகவே என் யோசனை இவ்வளவுதான். ஊர்களைக் குறையுங்கள். ஈஸ்டரைத் தவிருங்கள். காகிதங்களை முன்பே முடியுங்கள். ஆறு மாதம் படியுங்கள். முடிந்தால், உங்களைப் படிக்க வைத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்கால் தாங்கும்போதே போங்கள்.

என் அப்பா இன்றைக்கு வந்திருக்கிறார். கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டை. ரூம்மேட், உன்னிடம் நான்கு வருடம் சொல்லாததை இன்று சொல்லிவிட்டேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் வந்து கைகுலுக்கிவிட்டுப் போ.